எயிற்பட்டினத்துக் கரை யாருக்குச் சொந்தம்?

அரசன் நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். கடலோரமாகப் போனால் முதலில் வருவது எயிற்பட்டினம். அலைகள் கரையில் ஒதுக்கிய மணமரக் கட்டைகளையே விறகாக்கி நுளையர் பெண்கள் தேறல் காய்ச்சுவார்கள். பரதவர் அதை ஊற்றித் தருவார்கள். சுட்ட குழல்மீனும் கிடைக்கும். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை காட்டும் காட்சி இது. உப்பு வண்டிகளோடு போகும் உமணரும் அவர்தம் பிள்ளைகளும்கூட அந்தப் பாட்டில் வருகிறார்கள்.

அந்த எயிற்பட்டினம்தான் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' சோழமண்டலக் கரையில் மூன்று துறைமுகங்களைக் குறிக்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. பொதுகே என்பது அரிக்கமேடு. சோபட்மாவை ஆய்வாளர் பலர் மரக்காணத்தோடு பொருத்துகிறார்கள்.

துறைமுகத்தின் பெயர் மாறியது, ஆண்டவர்களும் மாறினார்கள். ஆனால் தொழில் மாறவில்லை. மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைப் பேசுகின்றன. அந்த ஊர் இன்றும் உப்புக்குப் பெயர்போனது. ஊருக்கு அருகே உள்ள கழிமுகத்தின் வடகரையில் ஆலம்பரைக் கோட்டை எழுந்தது. 1750-இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். நாணயம் அச்சிட்ட அந்தக் கோட்டை இன்று இடிபாடு. அதன் அடியில் வலை வீசும் குப்பத்து மக்கள் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள்.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் இருளர்கள். திண்டிவனம், மரக்காணம் வட்டாரங்களில் பரவி வாழும் இந்தத் தொல்குடியினரில் பலர் கழிகளில் இறங்கி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். வரலாற்று நூல்கள் இவர்களுக்கென்று ஒதுக்கிய பக்கங்கள் குறைவு. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் இன்றும் உண்டு.

இப்போது இதே கழிமுகத்துக்குப் புதிய திட்டம் வந்திருக்கிறது. தென்கரையில் அழகன்குப்பத்திலும் வடகரையில் ஆலம்பரைக்குப்பத்திலும் 235 கோடி ரூபாயில் மீன்பிடித் துறைமுகம் கட்டுவது அரசின் திட்டம். அது பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்காகப் போனது. முகத்துவாரம் மண் மூடிப் படகோடு திண்டாடும் மீனவருக்குத் துறைமுகம் தேவையில்லை என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கடலுக்குள் கல் கொட்டினால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டமே பார்த்திருக்கிறது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களில் எழுந்த அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. வடக்கே பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி போன்ற ஊர்கள் கரையை இழந்தன. வீடுகள் கடலுக்குள் போயின. மரக்காணத்தில் கடலோடு கழுவெளி ஏரியும் சேர்ந்திருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, 5,151 ஹெக்டேருக்கு மேல் விரிந்த உவர்நீர்ப் பரப்பு அது. அதற்குக் கடல்நீர் போய்வரும் வாசல் இந்தக் கழிமுகம்தான்.

சிட்னியில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1788-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தபோது அந்தத் துறைமுக விரிகுடாவில் மரப்பட்டை ஓடங்களில் தூண்டில் போட்டு மீன்பிடித்தவர்கள் பூர்வகுடிப் பெண்கள். அவர்களில் பரங்கரூ என்பவர் வரலாற்றில் நின்ற பெயர். மீன் பிடித்த கரை சரக்குக் கப்பல் துறையாயிற்று. பிறகு 22 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடத்தின் ஒரு பகுதியில் அலுவலகக் கோபுரங்களும் சூதாட்ட விடுதியோடு கூடிய வானளாவிய ஹோட்டலும் எழுந்தன. அந்தப் பகுதிக்குப் 'பரங்கரூ' என்றே பெயரிட்டார்கள். பழைய கரையின் வடிவத்தைத் திரும்ப உருவாக்கி, மண்ணின் மரங்களை நட்டு, 2015-இல் பூங்கா திறந்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்த வாழ்க்கையை எந்தப் பூங்காவும் திருப்பித் தரவில்லை.

எயிற்பட்டினத்துக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. பரதவரின் வலையும் உமணரின் உப்பும் இங்கே அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை. அன்றாடப் பிழைப்பாக இருக்கின்றன. ஆகவே எந்தத் திட்டத்தின் முதல் வரைபடம் தீட்டும்போதும் குப்பத்துப் பஞ்சாயத்தும் உப்பளத் தொழிலாளியும் கழியில் இறங்கும் இருளரும் பக்கத்தில் இருக்க வேண்டும். மணல் எங்கே சேரும், முகத்துவாரம் எப்போது அடைபடும் என்பதெல்லாம் அவர்கள் கைவசம் உள்ள அறிவு. எல்லாவற்றையும் கட்டி முடித்தபின் வாசலில் நல்லியக்கோடன் பெயரை எழுதி வைப்பதால் வரலாறு காப்பாற்றப்பட்டுவிடாது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு கரையைக் கரையாக வைத்திருப்பவர்களுக்கு அதன் எதிர்காலத்தை முடிவு செய்வதில் முதல் உரிமை வேண்டும்.

அடுத்த வாரம்: நல்லியக்கோடனின் தலைநகர், திண்டிவனத்துக் 'கிடங்கில்' என்னும் ஊர்.

(தொடரும்)