எம்.ஆர்.எஃப். நிறுவனமும் மோட்டார் பந்தயமும்

சென்னை கிரீம்ஸ் சாலையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம், 1980-களிலிருந்து இந்திய மோட்டார் பந்தயங்களுக்கும் ராலி அணிகளுக்கும் புரவலராக இருந்துவருகிறது. தேசியப் போட்டிகளில் தொடங்கிய இந்த ஆதரவு ஆசிய பசிபிக் ராலி, ஐரோப்பிய ராலி என விரிந்தது. சொந்தமாகப் பந்தயத் தொடரையே நடத்தும் அளவுக்கும் வளர்ந்தது. அரசின் நிதியோ, பெரிய தொலைக்காட்சி வருமானமோ இல்லாத ஒரு விளையாட்டு தென்னிந்தியாவில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு டயர் நிறுவனங்களே முக்கியக் காரணம். அவற்றில் சென்னைக்கு மிக நெருக்கமானது இது.

பின்னணி

கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல், தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1961-ல் டயர் உற்பத்தியைத் தொடங்கினார்.

இதே காலத்தில் சென்னையின் வடக்கே இன்னொரு முயற்சியும் வேரூன்றியது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோயம்புத்தூர் என எங்கெங்கிருந்தோ கார்களும் பைக்குகளும் அங்கே வந்து சேர்ந்தன. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில் வண்டியைத் தயார்செய்து வந்தவர்கள். புரவலர் என்று வந்தவை மது, சிகரெட் நிறுவனங்கள். விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரான என்சைனைச் சோழவரத்தில் ஓட்டியதும், சார்மினார் சிகரெட்டின் பெயரில் ராலி நடந்ததும் அந்தக் காலத்துக் காட்சிகள். புகையிலை விளம்பரத்தையும் அதன் பேரிலான புரவலையும் தடைசெய்யும் சட்டம் 2003-ல் வந்தபோது அந்த வாய்க்கால் அடைபட்டது.

ராலிச் சாலையில்

டயர் நிறுவனத்துக்குப் பந்தயம் வெறும் விளம்பரப் பலகை அல்ல; ஒரு சோதனைக்கூடமும்கூட. ராலி நடப்பது பெரும்பாலும் தோட்டப் பாதைகளிலும் காட்டுச் சாலைகளிலும். கூர்கற்கள் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். வேகத்தில் ரப்பர் சூடேறி உதிரும். திடீர் மழையில் பிடிமானம் போகும். எந்த ரப்பர் கலவை தாங்குகிறது, எந்த வார்ப்பு சேற்றை உதறுகிறது என்பது ஒரே வாரக்கடைசியில் தெரிந்துவிடும்.

1980-ல் தொடங்கிய ஹிமாலயன் ராலி, 1983-ன் இறுதியில் சாலைக்கு வந்த மாருதி 800, 1988-ல் தொடங்கிய தேசிய ராலி சாம்பியன்ஷிப் ஆகியவை இந்திய ராலிக்குப் புது வேகம் தந்தன. எம்.ஆர்.எஃப். தன் அணிகளோடு களமிறங்கியதும் இந்தப் பத்தாண்டில்தான். அதற்கும் ஜே.கே. டயருக்கும் இடையே மூண்ட போட்டி, சொந்தக் காசில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அணி, மெக்கானிக், உதிரிபாகம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது.

இருங்காட்டுக்கோட்டை

1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிரந்தரப் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. முழுச் சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். சோழவரத்தின் இடத்தை அது பிடித்தது. 1997-ல் எம்.ஆர்.எஃப். தன் முதல் ஃபார்முலா த்ரீ காரை உருவாக்கியது. பின்னர் இத்தளத்தில் நடக்கும் தேசியக் கார், பைக் சாம்பியன்ஷிப்புகளின் தலைப்பிலேயே நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றது. மண்மேடுகளில் தாவும் சூப்பர்கிராஸ் பைக் போட்டிகளுக்கும், இருசக்கர ராலிகளுக்கும் அதன் மோகிரிப் டயர் பெயர் சூட்டப்பட்டது.

கடல் கடந்து

ஆசிய பசிபிக் ராலி சாம்பியன்ஷிப்தான் எம்.ஆர்.எஃப்.பின் பெரிய அரங்கம். 2005-ல் பின்லாந்தின் யூசி வாலிமாகி மிட்சுபிஷி லான்சரில் அணிக்குப் பட்டம் வென்று தந்தார். 2010-ல் ஜப்பானின் கட்சுஹிகோ டகுச்சி வென்றார்.

அடுத்து ஸ்கோடா ஃபேபியாவுடன் அமைந்த கூட்டணி, 2012 முதல் 2017 வரை ஆறு ஆண்டும் பட்டத்தை வேறு யாருக்கும் விடவில்லை. ஆஸ்திரேலியாவின் கிறிஸ் அட்கின்சன், செக் நாட்டின் யான் கோபெட்ஸ்கி, ஸ்வீடனின் போன்டஸ் டிடேமண்ட் ஆகியோர் ஆளுக்கொரு முறை வென்றனர். மீதி மூன்றும், அதாவது 2013, 2016, 2017 பட்டங்கள், டெல்லிக்காரரான கௌரவ் கில்லுடையவை.

பிறகு அணி ஐரோப்பாவுக்குப் போனது. மிஷ்லின், பிரெல்லி என நூறாண்டு கடந்த நிறுவனங்கள் கோலோச்சும் இடம் அது. 2022-ல் ஸ்பெயினின் எஃப்ரென் யரேனா, எம்.ஆர்.எஃப். அணிக்காக ஸ்கோடா ஓட்டி ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். இந்திய டயரில் அந்தப் பட்டம் வெல்லப்பட்டது அதுவே முதல் முறை.

எம்.ஆர்.எஃப். சேலஞ்ச்

அணிகளுக்குப் பணம் தருவதைத் தாண்டி, 2012-13 பருவத்தில் நிறுவனம் ஃபார்முலா 2000 தொடர் ஒன்றைத் தானே தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே வகைக் கார், ஒரே டயர். டல்லாரா சேசிஸ், ரெனோ 2 லிட்டர் எஞ்சின். ஐரோப்பாவில் குளிர்காலம், பந்தயம் இல்லாத மாதங்கள். அப்போது பயிற்சி தேடும் இளம் ஓட்டுநர்களுக்கு சென்னை, கிரேட்டர் நொய்டா, பஹ்ரைன், துபாய் தளங்களில் ஓட்டும் வாய்ப்பு கிடைத்தது.

முதல் பட்டத்தை அமெரிக்காவின் கானர் டேலி வென்றார். 2015-16-ல் வென்ற பியேட்ரோ ஃபிட்டிபால்டி 2020-ல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். 2016-17-ல் ஹாரிசன் நியூவி முதலிடம் பெற, மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் மூன்றாமிடம் பெற்றார். 2017-18 சாம்பியன் ஃபெலிப்பே ட்ருகோவிச் 2022-ல் ஃபார்முலா டூ பட்டம் வென்றார். 2018-19-ல் பிரிட்டனின் ஜேமி சாட்விக், சென்னையில் நடந்த இறுதிச் சுற்றில் பட்டத்தை உறுதிசெய்து, இத்தொடரை வென்ற முதல் பெண்ணானார். அதே 2019-ல் பெண்களுக்கான டபிள்யூ சீரிஸின் முதல் பட்டமும் அவருக்கே.

மதிப்பீடு

ஃபார்முலா 2000 தொடரின் சாம்பியன் பட்டியலில் இந்தியப் பெயர் இல்லை என்பது குறையே. வெளிநாட்டு இளைஞர்கள் சில வாரம் ஓட்டிவிட்டு ஐரோப்பா திரும்பினார்கள். அங்கே ஒரு முழுப் பருவம் ஓட்டக் கோடிகள் வேண்டும், அதை ஏற்க இங்கே புரவலர்கள் மிகக் குறைவு. ராலியில் கதை வேறு. உள்ளூர்ச் சாலைகளில் ஓட்டிப் பழகியவரை அணி கூடவே வைத்துக்கொண்டு, நியூசிலாந்து முதல் ஜப்பான் வரை பல பருவங்கள் ஓட்டவைத்தது. அதன் பலன்தான் கௌரவ் கில்லின் மூன்று பட்டங்கள். 2019-ல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. மோட்டார் பந்தய வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.