மஞ்சள் நாடாத் திட்டம் (சிங்கப்பூர்)

சிறை மீண்டவர்கள் வேலை தேடிக்கொள்ளவும் அதில் நிலைக்கவும் துணைநிற்கும் சிங்கப்பூர்த் திட்டம். விடுதலையானவரைச் சமூகம் சந்தேகத்தோடு பார்ப்பதும் ஒரு சிறைதான் என்று சொல்லி, அதைத் திறக்க முதலாளிகளையும் குடும்பத்தாரையும் அழைத்தது இத்திட்டம். பெயர் 1973இல் புகழ்பெற்ற ஓர் அமெரிக்கப் பாடலிலிருந்து வந்தது. சிறைவாசம் முடிந்து வருபவன், வீடு தன்னை ஏற்கிறதா என்பதை மரத்தில் கட்டிய மஞ்சள் நாடாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பாடல் அது.

திட்டத்தின் வேர் 1976இல் இருக்கிறது. உள்துறை அமைச்சின்கீழ் அவ்வாண்டு அமைந்த ‘ஸ்கோர்’ என்னும் ஆணைபெற்ற கழகம், சிறைக்குள் சலவையகம், ரொட்டித் தயாரிப்புக்கூடம் போன்றவற்றை நடத்திக் கைதிகளை வேலைக்குப் பழக்கியது. கைத்தொழில் தெரிந்தும் வாசலில் கதவு சாத்தப்பட்டால் பயனில்லை. 1998இல் விடுதலையானவர்களில் 44.4 சதவீதத்தினர் இரண்டே ஆண்டுகளில் சிறைக்குத் திரும்பினர். 2000இல் சிறைத்துறையும் ஸ்கோரும் தொண்டமைப்புகளும் ‘கேர்’ கட்டமைப்பாக இணைந்தன. 2004இல் அதிபர் எஸ். ஆர். நாதன் மஞ்சள் நாடாத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2009 முதல் சாங்கி சிறை வளாகம்வரை மக்கள் ஓடும் ஓட்டமும் நடைபெற்றது.

விளம்பரத்தைவிட ஆழமாகச் சென்றது 2005இல் வந்த சட்டத் திருத்தம். சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஐந்தாண்டு குற்றமின்றி வாழ்ந்தால், அவரது குற்றப் பதிவு காலாவதியானதாகக் கொள்ளப்படும். அதன்பின், பதிவு இல்லை என்றே அவர் வேலை விண்ணப்பத்தில் எழுதலாம். ஆயினும் சலுகை மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்கே வகுக்கப்பட்டது. சிறையிலிருப்போரில் பெரும்பாலோர் போதைப்பொருள் குற்றவாளிகள். நீண்ட தண்டனை பெற்ற அவர்களை அது எட்டவில்லை. உதவி மிகுதியும் தேவைப்பட்டவர்கள் அவர்களே.

2020இல் ஸ்கோர், ‘யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர்’ எனப் பெயர் மாறியது. அந்தக் காலகட்டத்தில் இரண்டாண்டுக்குள் சிறை திரும்புவோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவராகக் குறைந்திருந்தனர். பெரிய முன்னேற்றம் இது. ஐந்தாண்டுக் கணக்கோ 40 சதவீதத்தை ஒட்டியே நின்றது. முதல் சம்பளத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பலர் தடுமாறினர். அதனால் துல்லியப் பொறியியல் போன்ற துறைகளுக்கான பயிற்சி சிறைக்குள்ளேயே தொடங்கி, வெளியே வேலையிலும் மேற்படிப்பிலும் தொடரும்படி அமைக்கப்பட்டது. வேலையில் சேர்ந்த பிறகும் பயிற்றுநர்கள் அவர்களோடு தொடர்பில் இருந்து, மேலாளருடன் வரும் உரசலிலும் வேலை மாற்றத்திலும் வழிகாட்டுகிறார்கள்.