பேசாதவருக்கு ஏன் ‘ஸ்பீக்கர்’ என்று பெயர்?



சட்டமன்றக் கூட்டத்தை டிவியில் பார்த்த பேத்தி கேட்டாள்: “தாத்தா, இவர் எல்லாரையும் ‘உட்காருங்க, உட்காருங்க’ன்னுதானே சொல்றார். இவருக்கு ஏன் ஸ்பீக்கர்னு பேரு?”

நல்ல கேள்வி. தமிழில் சபாநாயகர் என்கிறோம், சபைக்குத் தலைவர். அதில் பேச்சே இல்லை. ஆங்கிலச் சொல்லுக்குள்தான் ஒரு பழைய கதை இருக்கிறது. சபைக்காக அரசரிடம் போய்ப் பேசியவர்தான் ஸ்பீக்கர்.

1376ஆம் ஆண்டு. இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டு தளர்ந்து கிடந்தார். அதிகாரம் அவர் மகன் ஜான் ஆஃப் கான்ட் கையில். வரி கேட்டு நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். முன்பு கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று பொதுச்சபையினர் கொதித்தார்கள். ஆனால் அதைப் போய்ச் சொல்வது யார்? பீட்டர் டி லா மேர் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பிரபுக்கள் முன் போனபோது கூட வந்தவர்களில் பலரை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். எல்லாரையும் உள்ளே விட்டால்தான் வாயைத் திறப்பேன் என்று நின்றுவிட்டார் மனுஷன்! கடைசியில் விட்டார்கள். அரசருக்கு நெருக்கமானவர்கள் அடித்த கொள்ளையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பலன்? அதே ஆண்டு நாட்டிங்காம் கோட்டையில் சிறை. 1377இல் அரசர் இறந்த பிறகே விடுதலை.

ஸ்பீக்கர் என்ற பட்டத்தோடு முதலில் குறிக்கப்பட்டவர் 1377இல் வந்த தாமஸ் ஹங்கர்ஃபோர்டு. அவரோ கான்ட்டின் ஆள்! பேசத் துணிந்தவருக்குச் சிறை, அரண்மனை ஆளுக்குப் பட்டம். இந்த வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

1523இல் ஸ்பீக்கராக இருந்த தாமஸ் மோர், உறுப்பினர்கள் மனதில் பட்டதைப் பேசினால் தண்டிக்கக்கூடாது என்று எட்டாம் ஹென்றியிடம் கேட்டுக்கொண்டார். அதே அரசரைத் திருச்சபைக்குத் தலைவராக ஏற்க மறுத்ததால் 1535இல் அவர் தலை போயிற்று.

1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் படைவீரர்களுடன் சபைக்கே வந்து, ஐந்து உறுப்பினர்கள் எங்கே என்று கேட்டார். ஸ்பீக்கர் வில்லியம் லென்தால் மண்டியிட்டார். ஆனாலும், சபை சொன்னாலொழிய இங்கே எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். ‘பேசுபவர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு பேச மறுத்த அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐவரும் முன்பே தப்பிவிட்டார்கள். அரசர் வெறுங்கையோடு திரும்பினார்.

சபைக்குள் பேசியதற்காக வெளியே வழக்குப் போட முடியாது என்று 1689இல் அங்கே சட்டமே வந்தது. நம் அரசியலமைப்பின் 105, 194ஆம் பிரிவுகள் அந்த வழியில் வந்தவைதான்.

இன்றும் லண்டனில் புது ஸ்பீக்கரைக் கையைப் பிடித்து இருக்கைக்கு இழுத்துப் போவார்கள். அவரும் வரமாட்டேன் என்பதுபோல் கொஞ்சம் முரண்டு பிடிப்பார். நம் மக்களவையில் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் மரியாதையாக அழைத்துப்போய் அமர வைப்பார்கள். அடுத்த முறை டிவியில் வரும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.