காய்ச்சல் மரமும் உதிர்ந்த கூந்தலும்

கூந்தலைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களை மாணவர்க்கு எடுத்துரைக்கையில் நாம் விரல்விட்டு எண்ணுவதுண்டு. குழல், ஓதி, கதுப்பு, அளகம், ஐம்பால் எனப் பட்டியல் நீளும். ஆடவர்க்குக் குஞ்சி எனத் தனிச்சொல்லும் உண்டு. பாண்டிமாதேவியின் கூந்தல் மணம் இயற்கையா, செயற்கையா என்னும் வழக்கில் இறைவனையே சங்கத்தில் ஏற்றிக் கேள்வி கேட்ட கதையை உடைய மரபு நம்முடையது. இத்தகைய மரபில் ஒரு பெண்ணின் தலைமுடி கொட்டுமாயின் அது வெறும் உடற்குறையாக நின்றுவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உதகையில் இதை நாம் நேரிற் கண்டோம்.

எம்மிடம் இளங்கலை பயின்ற மாணவி ஒருவர் எந்நேரமும் கம்பளிக் குல்லாயுடன் இருப்பார். உதகையில் குல்லாய் ஒரு வியப்பன்று. ஆகவே எவரும் கேட்கவில்லை. ஏப்ரல் வெயிலிலும் அவர் அதைக் கழற்றாததைக் கண்டபோது சற்றே ஐயம் எழுந்தது. பின்னர் அவர் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் அவருடைய தாயார் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். செய்தித்தாளில் மடித்து வைத்திருந்த ஒரு முடிச்சுருளை மேசைமீது வைத்தார். "சவுரி பண்ணலாம்னு சேர்த்து வச்சேன் சார். இப்ப பார்க்கவே பயமா இருக்கு" என்றார்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர். பித்தம் என்றார் ஒருவர். கல்வி உதவித்தொகையின் பெரும்பகுதி மூலிகை எண்ணெய்ப் புட்டிகளாக மாறிக் கரைந்திருந்தது. நாம் வற்புறுத்தி மருத்துவரிடம் அனுப்பினோம். அம்மருத்துவர் தலையைப் பார்க்குமுன் கேட்ட கேள்வி இது: "மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா?" வந்திருந்தது. டைபாய்டு.

காய்ச்சலுக்கும் கூந்தலுக்கும் என்ன தொடர்பு என்று தேடப் புகுந்த நாம் இம்மலையின் பழைய கதையொன்றில் வந்து நின்றோம்.

மலைக்கு வந்த மரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவை வாட்டிய கொடுங்காய்ச்சல்களுள் முதன்மையானது மலேரியா. அதற்கு அறியப்பட்டிருந்த ஒரே நம்பகமான மருந்து தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டை. பெல்லெத்தியே, கவாந்தூ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் 1820-இல் அப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். நம்மவர் நாவில் அது 'கொய்னா' ஆயிற்று.

அம்மரத்தை இந்தியாவுக்குக் கொணரும் பணி கிளெமென்ட்ஸ் மார்க்கமிடம் ஒப்படைக்கப்பட்டது. 1860-இல் பெருவில் அவர் திரட்டிய நாற்றுகள் நெடும்பயணத்தில் நலிந்து பயனற்றுப் போயின. அதே காலத்தில் ஈக்வடாரில் ரிச்சர்டு ஸ்புரூஸ் திரட்டிய சிவப்புப் பட்டைச் சிங்கோனாவே நீலகிரியில் வேரூன்றியது. உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அதை வளர்த்தெடுத்தார். நடுவட்டத் தோட்டத்தில் உழைத்தவருள் சீனக் கைதிகளும் இருந்தனர். மெக்ஐவர் ஒரு முறையைக் கண்டறிந்தார். மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் நீளவாக்கில் கீற்றாக உரித்து, அவ்விடத்தைப் பாசியால் மூடிவைத்தால் புதுப்பட்டை வளரும். அதை மீண்டும் உரிக்கலாம்.

இவ்வளவும் நிகழ்ந்தபோது காய்ச்சல் எதனால் வருகிறது என்பது எவருக்கும் தெரியாது. நச்சுக்காற்றே காரணம் என்றிருந்தனர். 1897-இல் உதகைக்கு வந்த ரொனால்டு ரோஸ் இங்கே தாமே மலேரியாவில் படுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்நோயின் கிருமியைக் கண்டார். காரணம் அறியப்படுமுன்னரே மருந்து வேலை செய்தது, அது நற்பேறு.

தைலமாக மாறிய பட்டை

ஆனால் அப்பட்டைக்கு மற்றொரு வாழ்வும் வாய்த்தது. ஐரோப்பிய வாசனைத் திரவிய வணிகர்கள் அதைக் கூந்தல் நீரில் கலந்தனர். பாரிசின் எட்வர்ட் பினோ நிறுவனத்தின் 'ஓ த கினின்' என்னும் குயினைன் கூந்தல் நீர் உலகெங்கும் விற்பனையானது. முடி உதிர்வதைத் தடுக்கும், தலைத்தோலுக்கு வலுவூட்டும் என்பது இத்தகைய நீர்களைப் பற்றிய நம்பிக்கை. குயினைன் முடியை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று ஏதும் இல்லை. பின் ஏன் மக்கள் நம்பினர்?

விடை முடியின் இயல்பிலேயே உள்ளது. தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உண்டு. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு வளரும் நிலையிலும், எஞ்சியவை ஓய்வு நிலையிலும் இருக்கும். ஓய்வு முடிந்தவை நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற பேரதிர்ச்சி உடலைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளிற் பல ஒருசேர ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. அவை உடனே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்தே கொத்துக்கொத்தாக விழுகின்றன. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் இதைத் தெளிவாக விளக்கினார். 2020-க்குப் பின் கொரோனாவிலிருந்து மீண்டோர் பலர் கண்ட முடியுதிர்வும் இவ்வகையே.

வேர் அழிவதில்லையாதலால் காரணம் நீங்கியதும் பெரும்பாலோர்க்கு ஆறு மாதத்தில் உதிர்வு நின்று, முடி தானே திரும்புகிறது. காய்ச்சலை மறந்துவிட்ட நிலையில் முடி கொட்டுகிறது. கொட்டுவதைக் கண்டு தைலம் வாங்குகிறோம். தைலம் தேய்க்கும் மாதங்களிலேயே முடி முளைக்கிறது. காலம் செய்த வேலைக்குப் புட்டி பெயர் வாங்கிக்கொள்கிறது. குயினைன் கூந்தல் நீரின் புகழுக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது எமது கருத்து. மலேரியாவில் மாத்திரையாக உயிர்காத்த பொருள், தலையில் தைலமாக வேண்டாத பெருமையைப் பெற்றது.

எல்லா உதிர்வும் ஒன்றன்று

எனவே பொறுத்திருந்தால் போதும் என்று முடிவுகட்டுவதும் பிழை. ஆடவர்க்கு நெற்றியோரமும் உச்சியும் மெல்ல வெளுக்கும் வழுக்கை, மரபும் ஆண்மைச் சுரப்பும் சேர்ந்து விளைப்பது. அது தானே திரும்பாது. இரத்தக்கொதிப்புக்கெனத் தோன்றிய மினாக்சிடில் என்னும் மருந்து 1988-இல் அமெரிக்காவில் வழுக்கைக்கும் ஏற்பளிக்கப்பட்டது. 1997-இல் ஆடவர்க்கான ஃபினாஸ்டிரைடு வந்தது. இரண்டும் நிறுத்தினால் பயனும் நீங்கும். வட்டவட்டமாக முடி கழலும் 'புழுவெட்டு'க்குப் பெயரில்தான் புழு உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது. சிறுவர் தலையில் செதிலுடன் காணும் படை பூஞ்சையால் வருவது. அதற்கு உள்ளுக்கு மருந்து வேண்டும். தைராய்டுக் குறையும் இரும்புச்சத்துக் குறையும் மகளிரிடம் மிகுதியாகக் காணப்படும் காரணங்கள். காரணம் வேறாயின் மருத்துவமும் வேறு.

எம் மாணவிக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. டைபாய்டு ஒன்று. இரத்தப் பரிசோதனையில் தெரியவந்த இரும்புச்சத்துக் குறை மற்றொன்று. அது பல ஆண்டுக் குறை. மூச்சிரைப்பையும் சோர்வையும் மேட்டுநிலத்துக் குளிரின் கணக்கில் எழுதிவைத்திருந்தனர். மருத்துவர் மாத்திரையுடன் ஓர் அறிவுரையும் தந்தார்: உணவுடனும் மாத்திரையுடனும் தேநீர் அருந்தலாகாது. தேநீரின் துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். தாயார் இதைக் கேட்டுச் சிரித்தாராம். அவர்கள் வீட்டில் கட்டஞ்சாயா இல்லாமல் ஒருவேளைச் சோறும் இறங்கியதில்லை.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்க்கு வாழ்வளிக்க 1968 முதல் அரசு இம்மலையில் தேயிலை பயிரிட்டது. 1976-இல் அது டான்டீ என்னும் கழகமாயிற்று. அவ்வாறு வந்த குடும்பங்களுள் ஒன்றே இம்மாணவியின் குடும்பமும். மூன்று தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்தவர்க்கு, அதை எப்போது அருந்தக் கூடாது என்று சொல்ல ஒருவரும் இருந்திலர்.

அடுத்த பருவத்தில் அம்மாணவி குல்லாயின்றி வகுப்புக்கு வந்தார். நெற்றியோரம் குட்டைமுடிகள் சிலிர்த்து நின்றன. "எண்ணெய்க்குக் கொடுத்த காசு போனது போனதுதான் ஐயா" என்றார். பரிசோதனைக்கு அவர் ஒரு ரூபாயும் செலவிடவில்லை.

முடி கொட்டுகிறதெனில் எண்ணெய் எது என்று வினவுமுன், மூன்று மாதத்துக்கு முன் உடலுக்கு என்ன நேர்ந்தது, இரத்தம் போதுமான அளவில் உள்ளதா என்று வினவுவோம். அக்கேள்வியைக் கேட்க எவருமின்றி ஒரு பெண் ஓராண்டுப் படிப்பை இழக்க இருந்தார் என்பதை நாம் மறக்கவில்லை.