பிலாலியின் கரையோரத்தில் மௌத்தின் காரணங்கள்

சப்பெலோத் தீவின் பிலாலி முஹம்மதைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மேற்காபிரிக்காவின் பூட்டா ஜல்லோன் பகுதியில் பிறந்து, அடிமையாகப் பிடிபட்டு, கடைசியில் அமெரிக்காவின் தென் மாநிலமான ஜோர்ஜியாவின் கரையோரத் தீவொன்றில் தோமஸ் ஸ்போல்டிங் என்ற தோட்டத்துரையிடம் தலைமைக் கங்காணியாக இருந்தவர். அவர் கைப்பட எழுதிய 13 பக்க அரபுப் பிரதி இன்றும் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நெடுங்காலம் அதை அவருடைய நாட்குறிப்பு என்றே நினைத்திருந்தார்கள். பிறகுதான் அது மாலிக்கி மத்ஹபின் இமாம் இப்னு அபீ ஸைத் அல் கைரவானியின் 'ரிஸாலா' நூலிலிருந்து மனப்பாடமாக எழுதிய பகுதிகள் என்று தெரிந்தது. வுழூவும் தொழுகையும் பாங்கும் அதில் பேசப்படுகின்றன.

இதை வாசிக்கும்போது நமக்கு ஒரு பெருமை வரத்தான் செய்கிறது. எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெருமையோடு புத்தகத்தை மூடிவிடுகிறோமே என்ற உறுத்தலும் கூடவே வந்தது. அவர்கள் எப்படித் தொழுதார்கள் என்று தேடித் தேடி எழுதுகிறோம். எதனால் மௌத்தானார்கள் என்று கேட்பதில்லை. பிலாலி முதிய வயது வரை வாழ்ந்தார். அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகளில் பெருந்தொகையினருக்கு அது கிடைக்கவில்லை.

அதைத் தேட ஓர் ஆவணம் இருக்கிறது. 1850ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பின்போது, உயிரோடிருப்பவர்களை எண்ணியதோடு, அவ்வருடம் ஜூன் 1ஆம் திகதிக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்களுக்கென்று தனிப்பட்டியல் ஒன்றும் எழுதினார்கள். 1860, 1870, 1880 ஆகிய ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா, நிறம், சுதந்திரமானவரா அடிமையா, பிறந்த இடம், இறந்த மாதம், தொழில், இறப்புக்குக் காரணம், எத்தனை நாள் நோயில் கிடந்தார் என்று வரிசையாகக் கட்டங்கள்.

இதில் என்னை நிறுத்தி வைத்த விஷயம் ஒன்றுண்டு. அதே 1850இல் உயிரோடிருந்த அடிமைகளுக்கான பட்டியலில் பொதுவாகப் பெயரே கிடையாது. துரையின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான், மாட்டுக் கணக்கு மாதிரி. ஆனால் இறந்தவர் பட்டியலில் பல அடிமைகளுக்குப் பெயர் எழுதியிருக்கிறது, வெறும் முதற்பெயர்தான் என்றாலும். அந்த மனிதர்களில் பலர் அரசாங்கத்தின் கணக்கில் பெயரோடு வருவதே மௌத்தான பிறகுதான்.

காரணக் கட்டத்தை நிரப்பியது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். குடிசன உத்தியோகத்தர் வீட்டுத் தலைவரிடம் கேட்டு எழுதினார். தோட்டமென்றால் துரையோ அவருடைய மேற்பார்வையாளரோ சொன்னதுதான் பதிவு. பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவிடம் கேட்கவில்லை. பல இறப்புகள் எழுதப்படாமலே போயின. 1855இல் இந்த இறப்புக் கணக்கைத் தொகுத்து வெளியிட்ட டி போ என்பவரே அதன் குறைகளை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தெற்கின் நாட்டுப்புறப் பட்டியல்களில் காய்ச்சல், கசம், நீர்வீக்கம், வயிற்றுளைவு, குக்கல், நியுமோனியா, தீக்காயம், பிரசவம் என்றெல்லாம் வருகின்றன. "தெரியாது" என்பதும் தாராளமாக வருகிறது. சொல்லப்போனால் அதுதான் நேர்மையான பதில். சிறு பிள்ளைகளுக்கு நேராகப் புழு என்றும் பல் முளைப்பு என்றும் எழுதியிருக்கும். பல் முளைத்து ஒரு பிள்ளை மௌத்தாகுமா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் மூத்தம்மாவும் "பல்லுக்காய்ச்சல்" என்றுதான் சொல்வார். பல் வரும் பருவமும், பால் மறந்து வேறு உணவும் தண்ணீரும் உள்ளே போகும் பருவமும் ஒன்றுதான். வயிற்றோட்டம் பிள்ளையைக் கொண்டு போனது. பழி பல்லுக்குப் போயிற்று.

பிறந்து ஒரு கிழமை அளவில் தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து இறந்த சிசுக்கள் ஏராளம். நமக்கு அது ஏற்புவலி. அழுக்குக் கத்தியாலோ துணியாலோ தொப்புள் வழியாக ஏறுகின்ற நோய். அக்கிருமி 1884இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன், 1840களில், அலபாமாவின் வைத்தியர் மேரியன் சிம்ஸ், சிசுவின் பின்மண்டை எலும்பு உள்ளே அமுங்குவதுதான் காரணம் என்று எழுதினார். அடிமைச் சிசுக்களின் தலையில் சத்திரசிகிச்சையும் செய்து பார்த்தார்.

என்னால் இலகுவில் கடந்து போக முடியாத சொல் வேறொன்று. "அமுக்கப்பட்டு இறந்தது." அடிமைப் பெண்களின் கைக்குழந்தைகளுக்கு இக்காரணம் அடிக்கடி வருகிறது. பொருள் என்னவென்றால், தாய் தூக்கத்தில் உருண்டு பிள்ளையின் மேலே படுத்துவிட்டாள் என்பது. கவலையீனமான தாய்கள் என்று துரைமார் பேசிக்கொண்டார்கள். வேண்டுமென்றே செய்தாள் என்ற சந்தேகமும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பழி அப்படியே கிடந்தது. 1970களில் டொட் சாவிட் என்ற மருத்துவ வரலாற்றாசிரியர் இந்த இறப்புகளின் வயதைக் கூர்ந்து பார்த்தார். பெரும்பாலானவை பிறந்து சில மாதங்களுக்குள், இன்று காரணமறியாத திடீர்ச் சிசு மரணம் என்று வைத்தியர்கள் சொல்லும் அதே வயதில் நடந்திருந்தன. 1981இல் மைக்கேல் ஜோன்சன் என்ற வரலாற்றாசிரியர் இன்னும் ஒரு படி போய், கர்ப்ப காலத்தில் தாயிடம் வாங்கிய கடும் வேலையோடு இதைத் தொடர்புபடுத்தினார். ரிச்சர்ட் ஸ்டெக்கலின் ஆய்வின்படி, அடிமைக் குழந்தைகளின் பிறப்பு நிறை சராசரியாக ஐந்தரை இறாத்தலுக்கும் குறைவாக இருந்திருக்கலாம். ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஒரு வயதுக்குள் 350 அளவில் இறந்தன. அக்காலத்து வெள்ளையரின் கணக்கைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. அமுக்கியது தாயின் உடம்பு அல்ல என்றுதான் நானும் வாசிக்கிறேன்.

நெல் விளைந்த இடங்கள் இன்னும் மோசம். பிலாலியின் தீவிலிருந்து சற்றுத் தெற்கே அல்டமாஹா ஆறு கடலில் சேர்கிறது. அதன் கழிமுகத்தில் பட்லர் தீவும் ஹோப்டன் தோட்டமும் இருந்தன. ஹோப்டனில் தலைமைக் கங்காணி ஸாலிஹ் பிலாலி. மாசினாவில் பிறந்தவர், நோன்பைக் கண்டிப்பாகப் பிடித்தவர். அணை கட்டி ஆற்று நீரை வயலில் தேக்கிச் செய்யும் நெற்செய்கை அது. மே மாதம் பிறந்ததும் வெள்ளைக் குடும்பங்கள் வயற்பக்கத்தைக் காலிபண்ணிவிட்டு உறைபனி விழும் நவம்பரில்தான் திரும்புவார்கள். கெட்ட காற்று என்று பயம். மலேரியா என்ற சொல்லின் பொருளே அதுதான். நுளம்பின் பங்கை ரொனால்ட் ரோஸ் கண்டது 1897இல். காரணம் பிழையாகத் தெரிந்திருந்தாலும் எங்கே இருந்தால் ஆபத்து என்பது அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் மற்றவர்களை முழங்காலளவு தண்ணீரில் விட்டுப்போனார்கள். வடக்கே சவன்னா ஆற்றின் கௌரி என்ற நெற்தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது அளவில் பதினாறு வயதைக் காணவில்லை என்பது வில்லியம் டூசின்பெர் என்ற வரலாற்றாசிரியரின் கணக்கு.

தாய்மார் வாயால் வந்த காரணமும் ஓரிடத்தில் பதிவாகியிருக்கிறது. ஃபனி கெம்பிள் என்ற ஆங்கிலேய நடிகை, பட்லர் தோட்டங்களின் சொந்தக்காரரான பியர்ஸ் பட்லரை மணந்து, 1838 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் அங்கே தங்கினார். அப்போது எழுதிய குறிப்புகளை 1863இல் நூலாக்கினார். அவரைத் தேடி அடிமைப் பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஃபனி என்ற பெண்ணுக்கு ஆறு பிள்ளை, ஐந்து மௌத்து. நானிக்கு மூன்று, இரண்டு மௌத்து. சூக்கிக்குப் பதினொன்று, ஐந்து மௌத்து. கெம்பிள் இவற்றைப் பெயர் பெயராக எழுதி வைத்தார். அவர்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. பிள்ளை பெற்று மூன்று கிழமையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது, அதை ஒரு மாதமாக்கித் தர வேண்டும் என்பதுதான்.

நமது வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்குப் பின் நாப்பது நாள் என்பது பேச்சுக்கு இடமில்லாத ஒன்று. இந்தப் பெண்கள் முஸ்லிம்களா என்று கேட்டுப் பார்த்து அக்கறைப்பட வேண்டிய இடமல்ல இது. இருந்தாலும், பிலாலியின் 'ரிஸாலா' படித்தவர்களுக்கு நிபாஸின் அறுபது நாள் தெரிந்த பாடம்தானே. அந்தப் பாடம் தெரிந்த கங்காணிமாரும் அதே கரையில்தான் ஆட்களை வேலைக்கு இறக்கினார்கள். பெருமையாக எழுதும் நமது கட்டுரைகளில் இந்த இடம் வருவதில்லை.

கெம்பிள் கணவரிடம் மன்றாடிப் பார்த்தார். இனிமேல் இப்படியான முறைப்பாடுகளைத் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் பட்லர் சொல்லிவிட்டார். அதன் பிறகும் பெண்கள் வந்தார்கள். அவர் கேட்டு எழுதிக்கொண்டேயிருந்தார்.

1930களில் எழுத்தாளர் குழுவொன்று இந்தக் கரையோரத்து முதியவர்களிடம் பேசிப் பதிவுசெய்தது. 1940இல் அது நூலாக வந்தது. பிலாலியின் வழித்தோன்றலான கேற்றி பிரவுன் அதில் பேசுகிறார். தன் பாட்டி, பிலாலியின் மகள் மார்கிரெட், அரிசியைக் கழுவி இரவு முழுக்க ஊறவைத்து, உரலில் இடித்து, இனிப்புச் சேர்த்துத் தட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கையில் வைத்துக் கொடுப்பாராம். அதற்கு அவர் சொன்ன பெயர் 'சரகா'. நமது சதகாதான்.