பரங்கிமலைக் கல்லில் ஒரு மன்றாட்டு

சென்னை மாநகரின் தென்பகுதியில் தோமா அப்போஸ்தலனின் பெயரோடு இணைந்த இடங்கள் மூன்று உள்ளன. கடற்கரையோரம் மயிலாப்பூரில் சாந்தோம். அடையாற்றின் தென்கரையில், சைதாப்பேட்டையை அடுத்து, சின்னமலை. அதற்கும் தென்மேற்கே பரங்கிமலை. அப்போஸ்தலன் மெய்யாகவே இங்கு வந்தாரா என்பது வரலாற்றறிஞரிடையே நெடுங்காலமாக வழக்காடப்படும் பொருள். அவ்வழக்கினுள் நாம் இப்போது நுழையவில்லை. பரங்கிமலைக் கோயிலின் பலிபீடத்துக்குப் பின்னே சுவரில் பதிக்கப்பெற்றுள்ள ஒரு கற்சிலுவையே நம் கருத்துக்குரியது. பிறருக்காக நாள்தோறும் வேண்டுதல் செய்வது கிறிஸ்தவக் கடமை என்று நாம் போதித்து வருகிறோம். அக்கடமைக்கு நம் நகரில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அக்கல்லில் இருக்கின்றது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1547ஆம் ஆண்டில் மலையுச்சியில் கோயிற்பணிக்காக நிலத்தைத் தோண்டிய போர்த்துக்கீசியர் இக்கல்லைக் கண்டெடுத்தனர். நுனிகள் மொட்டுப்போல் விரிந்த சிலுவை. அதன்மேல் கீழ்நோக்கி இறங்கும் புறா. இவற்றைச் சூழ்ந்த வளைவில் ஒருவராலும் படிக்கவியலாத எழுத்துகள். படிக்க முடியாத எழுத்து மனிதனை அமைதியாக இருக்க விடுவதில்லை. பிராமணப் பண்டிதர் ஒருவரை வரவழைத்துப் படிக்கச் செய்தார்கள். தோமாவின் வருகையையும் ஊழியத்தையும் பற்றிய நீண்டதொரு வரலாறு அதில் எழுதியிருப்பதாக அவர் கூறினார் என்று போர்த்துக்கீசிய ஆசிரியர்கள் குறித்துள்ளனர். கேட்டவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அதையே அவர் படித்துக் காட்டினார் போலும். 1558 டிசம்பர் 18ஆம் நாள் வழிபாட்டு வேளையில் அச்சிலுவை குருதி வியர்த்தது என்ற செய்தி எழுந்தது. 1704 வரையில் அது பலமுறை நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டது. இவ்வாறு கல் புகழ்பெற்றது. அதன் எழுத்தோ ஊமையாகவே இருந்தது.

எழுத்து பஹ்லவி, அதாவது பழைய பாரசீக நாட்டு எழுத்து, என்பதை உணர்ந்து முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஏ. சி. பர்னெல். தஞ்சையில் நீதிபதியாயிருந்து சரசுவதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த அதே பர்னெல்தான். 1873இல் அவர் வெளியிட்ட நூலின்படி, சிலுவையில் பாடுபட்டவர் யார் என்பதைக் குறித்த ஒரு கோட்பாட்டு அறிக்கை இக்கல்வெட்டு. துர்ப்போதனைகளை மறுக்கும் பொருட்டு அது பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கருதினார். அவருக்குப்பின் வந்த அறிஞர் சிலரும் ஏறத்தாழ அவ்வழியே சென்றனர்.

1929இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் விங்க்வொர்த் புதியதொரு வாசிப்பை முன்வைத்தார். அதன்படி இக்கல்வெட்டு மிக எளியது. அப்ராஸ் என்னும் ஒருவன், சஹார்புக்தின் மகன், சீரியன், இக்கல்லைச் செதுக்கியவன். அவன்மேல் இரக்கமாயிருக்கும்படி ஆண்டவராகிய மேசியாவிடம் கேட்கும் ஒரே வாக்கியம். 1970இல் ஜெர்மானிய அறிஞர் கெர்ட் குரோப் அதை மீண்டும் ஆராய்ந்து, பெயரைக் கபிரியேல் என்று படித்தார்; பாட்டனாரின் பெயரும் அதில் உண்டென்றார். தகப்பன் பெயரும் இரக்கம் கேட்கும் பொருளும் இரு வாசிப்புகளிலும் ஒன்றே. காலம் ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கருத்து.

இதனை வாசகர் சற்றே நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். பதினாறாம் நூற்றாண்டினர் அக்கல்லில் அப்போஸ்தலனின் சரித்திரத்தைத் தேடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டினர் கோட்பாட்டைத் தேடினர். கல்லில் இருந்ததோ ஒரு மனிதனின் பெயர். இறையியல் ஆசிரியர்களாகிய நாமும் அங்கு இருந்திருப்பின் பர்னெலின் பக்கமே சாய்ந்திருப்போம். ஒரு வேண்டுதலைக் கண்டவுடன் அதற்குள் என்ன போதனை அடங்கியுள்ளது என்று கேட்பதே நம் தொழிற்பழக்கம்.

ஒருவன் தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டால் அது தனக்காகச் செய்துகொண்ட ஜெபமாகாதா, பிறருக்காகச் செய்யும் வேண்டுதலுக்கு அது எவ்வாறு சான்றாகும் என்று வினவலாம். வாக்கியத்தின் அமைப்பே இதற்கு விடை. ‘என்மேல்’ என்று அவன் எழுதவில்லை. தன்னைப் படர்க்கையில் வைத்து, ‘இன்னான்மேல்’ என்று எழுதினான். ஆகவே அக்கல்லின் முன் நின்று எவன் வாசிக்கிறானோ அவன் வாயிலிருந்து அது பிறனுக்கான மன்றாட்டாகவே வெளிப்படும். வாசிப்பவனையே வேண்டுபவனாக்கும் இம்முறை கீழைத் திருச்சபைகளில் பரவலான வழக்கம். சீரிய மொழிச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர், ஏட்டின் இறுதியில் தம் பெயரைக் குறித்து, வாசிப்போர் தமக்காக ஜெபிக்குமாறு கேட்டுக்கொள்வர். மேலைத் திருச்சபையிலும் இது இல்லாமற்போகவில்லை. நான்காம் நூற்றாண்டின் முடிவில் தம் அறிக்கை நூலை இயற்றிய அகஸ்தீன், அதன் ஒன்பதாம் பகுதியின் இறுதியில், மறைந்த தம் தாய் மோனிக்காவையும் தந்தை பத்ரீசியுவையும் பெயர்சொல்லி நினைத்தருளுமாறு வாசகரை வேண்டுகிறார். நூலாசிரியர் ஏட்டில் செய்ததைக் கல்தச்சன் கல்லில் செய்தான்.

தமிழிலும் இக்கருத்துக்கேற்ற சொல் நமக்கு வாய்த்துள்ளது. மன்று என்பது ஊர் கூடும் பொதுவிடம். மன்றாடுதல் என்பது அங்கு நின்று முறையிடுதல். அறையினுள் தனித்துச் செய்யும் ஜெபத்தினின்றும் வேறான ஒரு நிறம் அச்சொல்லில் உண்டு.

பரங்கிமலையில் இவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாவர்? பாரசீகத்தில் வேரூன்றிய கீழைத் திருச்சபையைச் சேர்ந்த வணிகரும் குருமாரும் தென்னிந்தியக் கடற்கரைகளில் குடியேறியிருந்தனர். கி.பி. 849ஐ ஒட்டிக் கொல்லத்தில் தரிசாப்பள்ளிக்கு அளிக்கப்பெற்ற செப்பேட்டில் சாட்சிகள் சிலர் பஹ்லவி எழுத்திலேயே ஒப்பமிட்டுள்ளனர். இத்தகையோர் மயிலைக் கடற்கரையிலும் இருந்தனர் என்பதற்கு இக்கல்லே சான்று. அத்திருச்சபையில் காலை வழிபாட்டுக்குச் சப்ரா என்றும் மாலை வழிபாட்டுக்கு ராம்ஷா என்றும் பெயர். உதவிக்குரு முன்நின்று ஒவ்வொரு தேவையாக எடுத்துரைக்க, சபையார் ‘எங்கள் ஆண்டவரே, எங்கள்மேல் இரங்கும்’ என்ற கருத்துள்ள மறுமொழியைத் திரும்பத்திரும்பச் சொல்லுவர். இதற்குக் காரோசூதா என்று பெயர். திருவிருந்திலோ, உயிரோடிருப்போர், மறைந்தோர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய ஏடு வாசிக்கப்படும். ஆகவே அப்ராஸ் புதியதொரு ஜெபத்தைப் படைத்தான் என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. நாள்தோறும் தன் செவியில் விழுந்த மறுமொழியையே எடுத்து, ‘எங்கள்’ என்ற இடத்தில் தன் பெயரை வைத்தான் என்று கருதுவது பொருந்தும்.

அன்றாட வழக்கமாகப் பிறரை நினைத்து வேண்டுவது திருச்சபையில் இன்னும் பழைமையானது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் பேராயர் பொலிகார்ப்பைச் சேவகர் பிடிக்க வந்தபோது, ஜெபிப்பதற்கு ஒரு மணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் நின்று, தம் வாழ்நாளில் தம்மோடு பழகிய சிறியோர் பெரியோர் அனைவரையும் நினைத்து வேண்டினார் என்று அவருடைய இரத்தசாட்சி வரலாறு கூறுகிறது. இரவும் பகலும் எல்லாருக்காகவும் ஜெபிப்பது அவர் வழக்கம் என்றும் அது குறிக்கிறது. இறுதி இரண்டு மணி நேரத்தில் அத்தனை பெயர்கள் நினைவுக்கு வந்ததற்கு அவ்வழக்கமே காரணமாயிருக்க வேண்டும்.

மயிலாப்பூரிலும் பிறருக்காகப் பரியும் வழக்கம் வேறொரு வடிவில் நிலைத்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, யாத்திரிகர் தோமா இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துச்சென்று, காய்ச்சலால் வருந்துவோருக்கு நீரில் கரைத்துக் கொடுப்பதாகச் சொல்லுகிறார். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோமாவின் நடபடிகள் என்னும் சீரிய நூலிலேயே, அரசனொருவன் நோயுற்ற தன் மகனுக்காக அப்போஸ்தலனின் கல்லறை மண்ணை எடுத்த கதை வருகிறது. மண்ணில் குணம் உண்டென்று சீர்திருத்தச் சபையினராகிய நாம் ஒப்புவதில்லை. எனினும், நோயாளி வீட்டில் கிடக்க, அவன் பொருட்டு இன்னொருவன் வழிநடந்து வந்தான் என்பதை மறந்துவிடலாகாது.

இக்கல்வெட்டின் வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்கச் செய்வது அதன் படிகளே. கோட்டயம் வலியபள்ளியிலும், முட்டுச்சிறையிலும், கடமற்றத்திலும் இதே வகைச் சிலுவைகள் உள்ளன. இதே வாக்கியம் அவற்றிலும் பொறிக்கப்பட்டுள்ளது. செதுக்கியவன் பெயர்கூட மாறவில்லை! பார்த்துப் பொறித்தவர்களில் ஒருசாரார் அதன் பொருளை அறியாமலேயே பொறித்தனர் என்று கொள்வதே தகும். சிலுவையைச் சூழ்ந்த தூய எழுத்து என்ற மதிப்பினால், கீழ்க்கடற்கரைத் தச்சன் ஒருவனுக்கான வேண்டுதல் மலையாள நாட்டுக் கோயில்களிலும் நிலைபெற்றது. பொருளறியாச் சடங்கு என்று இதனை இகழ்வது எளிது. அவ்வாறு இகழ நமக்கு மனம் வரவில்லை.

இனி நம் மரபுக்கு வருவோம். 1549இல் ஆங்கிலத் திருச்சபை வெளியிட்ட பொது ஜெபப்புத்தகத்தில் மறைந்தோருக்கான வேண்டுதல் இருந்தது. 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டு, திருவிருந்து மன்றாட்டு பூமியில் போராடும் திருச்சபைக்கு மட்டும் உரியதென்று தலைப்பிலேயே வரையறுக்கப்பட்டது. உத்தரிக்கும் ஸ்தலம் என்னும் கோட்பாட்டையும், அதன்பேரில் நடந்த காணிக்கை வாணிபத்தையும் ஒழிக்க அது வேண்டியதாயிற்று. ஆயினும், கடையை அடைத்தவர்கள் பெயரேட்டையும் உள்ளே வைத்து அடைத்துவிட்டனர் என்றே நாம் கருதுகிறோம். மறைந்தோர் பெயர்களோடு உயிருள்ளோர் பெயர்களும் பலிபீடத்தருகே ஒலிப்பது குறைந்துபோயிற்று. 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில், எல்லா நிலையிலுமுள்ள மாந்தருக்காகச் செய்யும் ஜெபத்தினுள், சபையின் வேண்டுதலை நாடியோரைச் சிறப்பாகக் குறிக்கும் சிறு தொடர் ஒன்று அடைப்புக்குறிக்குள் உண்டு. எவரேனும் கேட்டுக்கொண்டால் மட்டும் அதைச் சொல்லவேண்டும் என்பது விதி. ரோட்லர் ஐயர் முதலியோரின் உழைப்பால் தமிழில் வந்த அந்நூலைக் கொண்டு நம் முன்னோர் காலை மாலை வழிபட்டனர். லித்தானியாவில் சபையாருக்கு மறுமொழி உண்டு. திருவிருந்து மன்றாட்டிலோ குருவானவர் ஒருவரே பேச, மற்றோர் ஆமென் வரையில் வாய்திறவாதிருந்தனர்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைக் கதீட்ரல் சாலையிலுள்ள பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950இல் அத்திருச்சபை வகுத்த திருவிருந்து முறையில், மன்றாட்டு மீண்டும் ஒருவர் எடுத்துரைக்கச் சபையார் மறுமொழி கூறும் அமைப்பைப் பெற்றது. சமாதான வாழ்த்தைக் கையிலிருந்து கைக்கு அளிக்கும் முறை தோமா கிறிஸ்தவரின் சீரிய வழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அனைவரும் அறிவர். பேராலயத்திலிருந்து பரங்கிமலை நெடுந்தொலைவிலில்லை. மேலைநாட்டுச் சபைகள் பல நூற்றாண்டுகள் சுற்றிவந்த வழியின் முடிவில், அப்ராஸின் செவி அறிந்த வழிபாட்டு முறைக்கு நாம் சற்று அருகில் வந்தோம் எனலாம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விசுவாசிகளின் மன்றாட்டைத் திரும்ப ஏற்படுத்தியதால் சாந்தோமிலும் இன்று அத்தகைய மறுமொழி ஒலிக்கிறது.

அமைப்பு திரும்பிவிட்டது, பெயர்கள் திரும்பினவா என்பதே நம் கேள்வி. ஞாயிறு வழிபாட்டில் வியாதியஸ்தர், விதவைகள், வேலையற்றோர் என்று வகைவகையாக வேண்டுகிறோம். வகைக்கு முகமில்லை. வீட்டுக் குடும்ப ஜெபத்திலோ பெயர்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வீட்டாரின் பெயர்களே. மகனின் தேர்வும் மகளின் திருமணமும் முடிந்தபின் அண்டை வீட்டாருக்கு நேரமிருப்பதில்லை. கைப்பேசியில் ஜெபவிண்ணப்பங்கள் நாள்முழுதும் வந்து குவிகின்றன. கூப்பிய கையின் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு, அப்பெயரை ஒருமுறையேனும் ஆண்டவர்முன் உச்சரிக்காமலே உறங்கச் செல்லுகிறோம். பொலிகார்ப்பைப்போல் இரண்டு மணி நேரம் கொடுத்தால், நம்மில் எத்தனை பேருக்கு அதனை நிரப்பும் அளவு பெயர்கள் தெரியும்?

இறுதியாக, மாணவர் எழுப்பக்கூடிய ஐயம் ஒன்றுண்டு. அப்ராஸ் இறந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவன் வாக்கியத்தை இன்று நாம் சொன்னால், மறைந்தோருக்காக ஜெபித்தவர்கள் ஆகமாட்டோமா? சீர்திருத்தச் சபையின் போதனையை நாம் விட்டுவிடவில்லை. ஆனால் அவன் உளியை எடுத்தபோது உயிரோடிருந்தான் என்பதும், உயிரோடிருந்தோரிடமே தன் வேண்டுகோளை ஒப்புவித்தான் என்பதும் மெய். அவர்கள் அதைச் சொன்னார்கள். பின் கல் மண்ணுக்குள் சென்றது. மீண்டும் வெளிவந்தும் பலநூறு ஆண்டுகள் எவரும் அதைச் சொல்லவில்லை. காலத்துக்குக் கட்டுப்படாத ஆண்டவரிடம் காலங்கடந்து சேரும் விண்ணப்பம் பயனற்றது என்று தீர்ப்புச்சொல்ல நமக்கு அதிகாரமில்லை. பரங்கிமலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், சிலுவையின் காலத்தையும் எழுத்தையும் விளக்கியபின், அவ்வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை உரக்க வாசிப்பாராக. வாசித்து முடித்ததும் ஆமென் சொல்லுவதா, வேண்டாமா என்பதை அங்கு நிற்போர் தாமே முடிவுசெய்துகொள்ளட்டும்.