புதுக்கோட்டைக் கல்வெட்டுகளின் நில அளவுகோல்களும் கணினி நிரலின் அமைவுக் கோப்பும்

முன்னுரை

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடங்களை அரச மரபு வரிசையில் தொகுத்து 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அடங்கிய அத்தொகுப்பில் நிலக்கொடை, நில விற்பனை, இறைநீக்கம் ஆகியவற்றைப் பற்றியன பல. அவற்றில் கூறப்படும் பரப்புகளைக் கணினி நிரல்வழி இன்றைய அளவைக்கு மாற்ற முற்படும்போது, அளவுகோலின் மதிப்பை எங்கே எழுதிவைப்பது என்ற வினா எழுகிறது. நிரலாக்க நுட்பம் சார்ந்ததாகத் தோன்றும் இவ்வினா, வரலாற்று முடிவுகளையே மாற்றவல்லது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அளவைகளின் வேறுபாடு

வேலியில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரிகை. இப்பின்னங்கள் நிலையானவை. ஆனால் அடிப்படை அலகான குழி நிலையானதன்று. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரமே குழி. கோல் மாறினால் குழியும் மாறும். பதினாறு சாண் கோலும், சுந்தரபாண்டியன் கோல் எனப்பட்ட இருபத்துநான்கு அடிக் கோலும் தமிழகக் கல்வெட்டுகளில் பயில்கின்றன. இரண்டு சாண் ஒரு முழம், ஒரு முழம் ஒன்றரை அடி என்ற வழக்கின்படி பதினாறு சாண் பன்னிரண்டு அடியாகும். இருபத்துநான்கு அடிக் கோல் அதனினும் இருமடங்கு நீளமுடையது. அதன் குழியோ நான்கு மடங்கு பெரியது. ஒரு மாவுக்கு 100 குழி என்ற கணக்கோடு 128, 256 குழி என்ற கணக்குகளும் வழங்கின.

தெற்கு வெள்ளாறு பாயும் புதுக்கோட்டைப் பகுதி சோழ, பாண்டிய நாடுகளுக்கு இடைப்பட்டது. இரு மரபினரின் ஆட்சியையும் கண்டது. எனவே ஒரே ஊரின் இரு கல்வெட்டுகளில் வரும் ‘ஒரு மா’ ஒரே பரப்பைக் குறிக்கும் எனக் கொள்ள இயலாது.

பெயரும் மதிப்பும்

நில ஆவணங்கள் பெரும்பாலும் கோலின் பெயரையே சுட்டுகின்றன. அதன் நீளம், மக்கள் கூடும் கோயிலின் சுவரிலோ அதிட்டானத்திலோ கோடாக வெட்டப்பட்டிருந்தது. புதுக்கோட்டை மாவட்டக் கோயில்கள் சிலவற்றிலும் இத்தகைய கோடுகள் காணப்படுகின்றன. முகத்தலளவையிலும் இம்முறை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலைப் பெயரால் சுட்டி, அது ராஜகேசரிக்கு ஒத்தது என்று கூறுகின்றன. ஆவணத்தில் பெயர், பொதுவிடத்தில் மதிப்பு என்பதே அக்கால ஒழுங்கு.

நிரலாக்கத்தில் அமைவுக் கோப்பு செய்வதும் இதுவே. கணக்கிடும் முறை நிரலில் இருக்கும். மாறக்கூடிய மதிப்புகள் தனி உரைக்கோப்பில் இருக்கும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் அமைவுக் கோப்புகளும், விண்டோஸின் தொடக்கப் பதிப்புகளோடு பரவிய ஐ.என்.ஐ. கோப்புகளும் இவ்வழக்கைப் பரப்பின. பைத்தானின் கான்ஃபிக்பார்சர் இவ்வகைக் கோப்பைப் படிக்கிறது. அளவுகோலுக்கான பதிவு பின்வருமாறு அமையலாம்:

[பதினாறுசாண்கோல்]
சாண் = 16
மாவுக்குக்குழி = 100

கோலின் நீளம் குறித்த புதிய சான்று கிடைப்பின் இக்கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். நிரலைத் தொட வேண்டியதில்லை. பிற ஆய்வாளரும் எம்மதிப்பு கொள்ளப்பட்டது என்பதைப் படித்தறிந்து மறுக்கலாம்.

கவனத்திற்குரியவை

முதலாவது, கான்ஃபிக்பார்சர் எல்லா மதிப்புகளையும் எழுத்துச்சரமாகவே தரும். எண்ணாக மாற்றியே பெருக்க வேண்டும். இரண்டாவது, கோப்பைத் திறக்கும்போது யூ.டி.எஃப்-8 எனக் குறியாக்கத்தை வெளிப்படையாகச் சுட்ட வேண்டும். மூன்றாவது, ‘கோல்’ என்ற சொல்லின் ‘கோ’ யூனிகோடில் இரு வகையாக அமையலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறியும் கால் குறியும் அடுத்தடுத்து வரும் இரு குறியீடுகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது.

நான்காவதே மிகவும் முக்கியமானது. குறித்த கோப்பு இல்லாவிடினும் கான்ஃபிக்பார்சரின் படிக்கும் கட்டளை பிழை காட்டாது கடந்துவிடும். அதனோடு ‘கோல் கிடைக்காவிடில் 16 சாண் எனக் கொள்க’ என்ற மாற்றுமதிப்பும் நிரலில் இருந்தால், எல்லாக் கல்வெட்டுகளும் ஒரே கோலால் அளக்கப்படும். இருபத்துநான்கு அடிக் கோலால் அளந்த நிலம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். வேலிக்கு விதித்த வரி நான்கு மடங்கு கடுமையாகத் தோன்றும். பாண்டியர் காலத்தில் வரிச்சுமை பெருகியது என்ற பொய்யான முடிவுக்கு அது இட்டுச்செல்லும்.

முடிவுரை

கோலின் பெயர் கூறாத கல்வெட்டுக்கு நிரல் ஒரு பெயரை வழங்கலாகாது. அவ்விடத்தை வெற்றிடமாகவே விடல் வேண்டும். ஒவ்வொரு மதிப்பும் கோயில், காலம், சான்று ஆகியவற்றோடு அமைவுக் கோப்பில் பதிவாகி, ஆய்வு முடிவுகளுடன் அக்கோப்பும் வெளியிடப்பட வேண்டும். கோயில் சுவரில் வெட்டிய கோலை ஊரார் எவரும் சரிபார்க்க இயன்றது. கணினிவழிக் கல்வெட்டாய்வும் அவ்வாய்ப்பைப் படிப்போருக்கு வழங்குதல் வேண்டும்.